வீட்டுத் தரகர்களுக்குள் ரெஃபரல் பங்கு: நியாயமாகப் பேசி, எழுதி, வாங்குவது எப்படி?

வேளச்சேரியில் ஒரு ஃப்ளாட் 1 கோடியே 20 லட்சத்துக்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர், விற்பவர் இரண்டு பக்கமும் ஒரே தரகர்தான் பார்க்கிறார். பக்கத்துக்கு 1 சதவீதம் பேச்சு. வாங்குபவரை அவரிடம் அனுப்பிவைத்தது இன்னொரு தரகர். அவருக்கு "இருபத்தஞ்சு பர்சன்ட் தர்றேன்" என்று போனில் சொல்லியாகிவிட்டது. பத்திரம் பதிந்த அன்று, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் டீக்கடையில் நின்று இருவரும் கணக்குப் பார்க்கிறார்கள்.

வாங்குபவர் பக்கக் கமிஷன் 1,20,000. அதில் 25 சதவீதம் என்றால் 30,000. இரண்டு பக்கமும் சேர்த்து 2,40,000 வந்ததே, அதில் 25 என்றால் 60,000. வாங்குபவர் ஜிஎஸ்டியோடு சேர்த்துக் கொடுத்தது 1,41,600. அதில் கணக்குப் போட்டால் 35,400. விளம்பரத்துக்கு 10,000, கூட அலைந்த பையனுக்கு 30,000 போக மிச்சம் 80,000 தானே என்று ஆரம்பித்தால் 20,000.

ஒரே "இருபத்தஞ்சு", நான்கு தொகை. அனுப்பியவர் 60,000 என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார், கொடுப்பவர் 20,000 எடுத்து வைத்திருப்பார். தரகர்களுக்குள் நடக்கும் ரெஃபரல் சண்டையில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. சதவீதத்தைப் பேசுகிறார்கள், எதில் சதவீதம், எந்த வேலைக்கு, எப்போது என்பதைப் பேசுவதில்லை. கமிஷனைத் தரகர்கள் தங்களுக்குள் எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ரெரா சட்டம் (2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) விகிதம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் இருவரும் பேசி எழுதியதுதான் உங்களுக்குச் சட்டம். அதை எப்படிப் பேசுவது, எழுதுவது, வசூலிப்பது, பேசாமலே விட்டுவிட்டால் என்ன செய்வது என்று கீழே வரிசையாகப் பார்க்கலாம். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

1. இது ரெஃபரலா, கூட்டு வேலையா?

பெயரையும் நம்பரையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது ரெஃபரல். பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டி, விலை பேசி, அட்வான்ஸ் வரை கூட நிற்பது கூட்டு வேலை. இரண்டுக்கும் ஒரே பங்கு கேட்பதுதான் அநியாயத்தின் முதல் வடிவம், இது இரண்டு திசையிலும் நடக்கிறது. போர்ட்டலில் வந்த ஒரு நம்பரை ஃபார்வர்ட் செய்துவிட்டுப் பாதிக் கமிஷன் கேட்பவர் உண்டு. நான்கு முறை சைட் காட்டி, விற்பவரை 3 லட்சம் இறக்கிக் கொடுத்தவருக்கு "நீங்க நம்பர்தானே கொடுத்தீங்க" என்று 5,000 ரூபாயை நீட்டுபவரும் உண்டு.

எங்கள் கணிப்பில் நியாயமான அளவு இது, எல்லாம் அந்தப் பார்ட்டி பக்கக் கமிஷனில். வெறும் நம்பர், அதுவும் பார்ட்டிக்கு வாங்கும் எண்ணம் உறுதியில்லை என்றால் 10 சதவீதம் போதும். பட்ஜெட், ஏரியா, வங்கிக் கடன் நிலை எல்லாம் விசாரித்து, பார்ட்டியிடம் "இவர் நல்லா பார்ப்பார்" என்று அறிமுகமும் செய்து அனுப்பினால் 20 முதல் 25. சைட் விசிட்டும் பேச்சுவார்த்தையும் சேர்ந்தால் 35, 40 வரை போகலாம். ஒருவர் வாங்குபவரையும் இன்னொருவர் விற்பவரையும் கொண்டுவந்தால் பங்கே தேவையில்லை: அவரவர் பக்கம் அவரவருக்கு. இந்தக் கடைசி ஏற்பாட்டில் சண்டை மிகக் குறைவு. முடிந்தபோதெல்லாம் இதையே தேர்ந்தெடுங்கள்.

2. நம்பர் கொடுப்பதற்கு முன்பு எழுத்தில் வாங்குங்கள்

நம்பர் கைமாறிய நொடியில் அனுப்புபவரின் பலம் போய்விடுகிறது. அதனால் முதலில் பேச்சு, அடுத்து எழுத்து, அதற்குப் பிறகுதான் நம்பர். அதற்கும் முன்பாகப் பார்ட்டியிடமே ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்க நம்பரை இன்ன தரகர்கிட்ட கொடுக்கலாமா? டீல் முடிஞ்சா அவர் எனக்கு ஒரு பங்கு தருவார். உங்களுக்குக் கூடுதல் செலவு இல்லை." இப்படிச் சொல்லிவிட்டால் பின்னால் பார்ட்டியே உங்களுக்குச் சாட்சி.

எழுத்து என்றால் பத்திரமே வேண்டும் என்றில்லை. வாட்ஸ்அப் செய்தியும் அதற்கு வந்த பதிலும் போதும். அப்படியே எடுத்துப் பயன்படுத்த ஒரு மாதிரி:

"வணக்கம் அண்ணே. வேளச்சேரியில 2 பெட்ரூம் வாங்க ஒரு பார்ட்டி இருக்கார். பட்ஜெட் 1.2 கோடி, பேங்க் லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. வாங்குறவர் பக்கத்துல இருந்து உங்களுக்கு வர்ற கமிஷன்ல, ஜிஎஸ்டி சேர்க்காம, வேற எந்தச் செலவும் கழிக்காம, 25 சதவீதம் எனக்கு. அவர் பேர்ல, வீட்டம்மா பேர்ல, பிள்ளைங்க இல்ல அப்பா அம்மா பேர்ல, அவர் கம்பெனி பேர்ல, யார் பேர்ல பதிஞ்சாலும் இதேதான். நீங்க காட்டுற எந்த இடத்தை வாங்கினாலும் பொருந்தும். இன்னையில இருந்து 6 மாசத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டா கணக்கு. உங்க கைக்குப் பணம் வந்த 7 நாள்ல என் பங்கு. டீல் முறிஞ்சு நீங்க கமிஷனைத் திருப்பிக் கொடுத்தா, நானும் என் பங்கைத் திருப்பிடுறேன். சரின்னா 'சம்மதம்'னு போடுங்க, நம்பர் அனுப்புறேன்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தகராறு இருக்கிறது. "யார் பேரில் பதிந்தாலும்" என்ற வரியை விட்டுவிட்டால், மனைவி பெயரில் பதிந்துவிட்டு "உங்க பார்ட்டி வாங்கலையே" என்று சொல்ல வழி கிடைக்கும். "எந்த இடத்தை வாங்கினாலும்" இல்லையென்றால், வேளச்சேரிக்கு வந்தவர் மேடவாக்கத்தில் வாங்கும்போது கதை மாறும். காலக்கெடு இல்லையென்றால் மூன்று வருடம் கழித்து அதே பார்ட்டி தம் தங்கைக்கு வீடு வாங்கும்போதும் பங்கு கேட்பார்கள். அது பார்ட்டியைப் பெற்றுக்கொண்ட தரகருக்கு அநியாயம். கடைசியாக, கமிஷன் எப்போது சேரும் என்பது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 219ஆம் பிரிவுப்படி, தனியாக ஏதும் பேசியிருக்காவிட்டால் வேலை முடிந்த பிறகுதான் முகவருக்கு ஊதியம் சேரும். உங்கள் வேலை எதில் முடிகிறது? அறிமுகத்திலா, அட்வான்ஸிலா, பதிவிலா? எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு தனக்கு வசதியான நாளைச் சொல்லும்.

பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தால் விட்டுவிடாதீர்கள். "சம்மதம்" என்ற சொல்லையே கேட்டு வாங்குங்கள். அந்த உரையாடலில் தானாக மறையும் செய்தி வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

தொடர்ந்து ஒருவருக்கொருவர் பார்ட்டி அனுப்பிக்கொள்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை பொதுவான ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். இதே விஷயங்களை 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி. அதன் பிறகு ஒவ்வொரு பார்ட்டிக்கும் பெயரும் தேதியும் மட்டும் செய்தியாக அனுப்பினால் போதும்.

3. ரெரா எண்ணைப் பாருங்கள்

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. "நான் இடம் விற்கலை, ஆளைத்தான் கை காட்டினேன், எனக்கு எதுக்கு ரெரா பதிவு?" என்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரகர் என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, வாங்குபவரையும் விற்பவரையும் எந்த வழியிலாவது ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்பவர் அடங்குகிறார். ரெராவில் பதிவான ஒரு திட்டத்தில் மனையோ ஃப்ளாட்டோ விற்க உதவுபவர், 9ஆம் பிரிவின்படி தாமும் பதிந்திருக்க வேண்டும். மீறினால் 62ஆம் பிரிவில் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அந்த மனை அல்லது ஃப்ளாட்டின் விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு அது 3 லட்சம். 15,000 ரூபாய் ரெஃபரலுக்காக எடுக்க வேண்டிய ஆபத்தா இது?

ஆக, புதிய அடுக்குமாடித் திட்டமோ அங்கீகார லேஅவுட்டோ என்றால், பங்கு கொடுக்கும் தரகர், பங்கு பெறும் தரகர் இருவரின் பதிவு எண்ணையும் தமிழ்நாடு ரெரா தளத்தில் சரிபார்த்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பதிவில்லாதவர் பின்னால் கமிஷன் கேட்டு வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். பழைய வீட்டின் மறுவிற்பனைக்கு இந்தக் கட்டாயம் இதே அளவில் வராது. ஆனாலும் தொழிலாகச் செய்பவர் பதிந்துகொள்வதே நல்லது.

4. பில்டர் புராஜெக்ட் என்றால் லீடு யார் பேரில்?

சேனல் பார்ட்னர் முறையில் (வெளித் தரகர் வாங்குபவரைத் தம் 'லீடு' என்று பில்டரிடம் பதிந்து கொண்டுபோகும் முறை) நேர்மையான இருவருக்குள்ளும் மனக்கசப்பு வரும். பார்ட்டி ஏற்கெனவே பில்டரின் தளத்தில் தம் நம்பரைப் பதிந்திருந்தால், அவர்கள் கணக்கில் அவர் "டைரக்ட்" ஆகிவிடுவார்; அழைத்துப்போனவருக்கு ஒன்றும் வராது, அனுப்பியவருக்கும் வராது. எனவே அனுப்புவதற்கு முன் பார்ட்டியிடம் கேளுங்கள்: இந்த புராஜெக்ட்டுக்கு போன் பண்ணினீர்களா, விளம்பரத்தை அழுத்தி நம்பர் கொடுத்தீர்களா, வேறு தரகரோடு போய்ப் பார்த்தீர்களா? ஆம் என்றால் அதையும் செய்தியில் சொல்லிவிடுங்கள்.

பதிந்த லீடுக்கும் ஆயுள் உண்டு. பில்டருக்கு பில்டர் மாறும். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வைத்திருப்பார்கள். அது முடிவதற்குள் புதுப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் பேசுங்கள். புதுப்பிக்கத் தவறி கமிஷன் போனால், தவறியவர்தான் அனுப்பியவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பதிந்ததற்கு பில்டர் அலுவலகத்திலிருந்து வந்த மெயிலையோ செய்தியையோ அன்றே அனுப்பியவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

"பில்டர் இன்னும் தரலை" என்ற பதில் பல நேரம் உண்மையாகவே இருக்கும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு ரெராவில் அனுமதி இல்லை. ஒப்பந்தம் பதிந்து அடுத்த தவணையும் வந்த பிறகே தரகருக்குப் பணம் விடும் வழக்கம் அதனால் பரவலாக இருக்கிறது. எழுதும்போதே "பில்டரிடமிருந்து வந்த 7 நாளில்" என்று போட்டு, எப்போது பில் கொடுத்தீர்கள் என்று தேதியைக் கேட்டு வையுங்கள். பில்லே கொடுக்காமல் "வரலை" என்று சொல்வதும் நடக்கிறது.

5. பணம் கொடுக்கும் கணக்கு

மேலே சொன்ன 1,20,000 உதாரணத்தையே எடுப்போம். அனுப்பியவர் பங்கு 30,000. டீலை முடித்த பிரதான தரகர் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிக்கக் கடமைப்பட்டவர் (நிறுவனம், அல்லது முந்தைய ஆண்டில் 1 கோடிக்கு மேல் தொழில் வரவு இருந்த தனிநபர்) என்றால், ஒரே ஆளுக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் போகும்போது 2 சதவீதம் பிடிக்க வேண்டும். 2024 அக்டோபருக்கு முன் இது 5 சதவீதம். பழைய நினைவில் இன்னும் 5 பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 30,000க்கு 600 போக 29,400 கைக்கு வரும், அந்த 600 உங்கள் பான் கணக்கில் தெரியும். பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது 6,000 போய்விடும். "டிடிஎஸ் பிடிச்சேன்" என்பவர் அதைக் கட்டினாரா என்று வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் பாருங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இருப்பவர் 30,000க்கு 18 சதவீதம் சேர்த்து பில் கொடுப்பார். பிரதான தரகரும் பதிந்தவராக இருந்தால் அந்த 5,400ஐ வரவு எடுத்துக்கொள்வார், அவருக்கு நஷ்டமில்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி கேட்கக் கூடாது.

ரொக்கமாகக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு கொடுப்பவருக்கே அடி. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததை வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள். வரவில் ஒரு சதவீதத்தை லாபமாக வைத்து வரி கட்டும் உத்தேசக் கணக்கு வசதியும் தரகுத் தொழிலுக்குக் கிடையாது. ஆக 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 30,000ஐ ரொக்கமாகக் கொடுத்தால், அந்தத் தொகைக்கும் தாமே வரி கட்ட வேண்டும்: செஸ்ஸோடு 9,360. அடுத்த முறை ரெஃபரல் கொடுக்கும்போது அவர் கை இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வங்கி வழியாகக் கொடுங்கள், இன்ன பார்ட்டி, இன்ன தேதி டீல் என்று குறிப்பில் எழுதுங்கள்.

6. நெட் ரேட்டும் சங்கிலித் தரகும்

"என் கைக்கு 60 லட்சம் வந்தா போதும்" என்று விற்பவர் சொல்ல, தரகர் 66க்கு விற்று 6 லட்சத்தை வைத்துக்கொள்வது நெட் ரேட். அனுப்பியவரிடம் மட்டும் "ஒரு பர்சன்ட்தான் வந்துச்சு" என்று 66,000ஐ வைத்துக் கணக்குக் காட்டுவார். அனுப்புபவர் இதைத் தடுக்க "எந்தப் பெயரில் வந்தாலும் மொத்த வரவில்" என்று எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்பாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்பவருக்குத் தெரியாமல் எடுத்த லாபத்தை அவர் திருப்பிக் கேட்க ஒப்பந்தச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிப்பட்ட பணத்தில் பங்கு கேட்டு வாங்குபவரும் அந்த வம்பில் மாட்டுவார். விற்பவர் அறிந்து, எழுதிக் கொடுத்த நெட் ரேட் என்றால் மட்டும் தொடுங்கள்.

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்க நிலங்களில் வேறு மாதிரி. பதிவு நாளில் ஏழு பேர் வந்து நிற்பார்கள். 60 லட்சம் நிலம், 2 சதவீதம், 1,20,000. அதில் உரிமையாளரைத் தெரிந்தவர் ஒருவர், வாங்குபவரைக் கொண்டுவந்தவர் ஒருவர், நடுவில் ஐந்து பேர் போன் மாற்றிவிட்டவர்கள். ஏழாகச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 17,000 சொச்சம்; பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் எடுத்து ஆறு மாதம் அலைந்தவருக்கும் அதே தொகை. நடுவில் நிற்பவர்களுக்குச் சதவீதமே பேசக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆளுக்கு 5,000 என்று முன்கூட்டியே தொகையாகச் சொல்லிவிடுங்கள்: 25,000 போனால் மீதி 95,000, இரண்டு முனையும் 47,500 வீதம். அட்வான்ஸ் நாளுக்கு முன்பே பெயர்ப் பட்டியலை மூடுங்கள். அதன் பிறகு முளைப்பவருக்கு, அவரை அழைத்துவந்தவர் தம் பங்கிலிருந்து கொடுக்கட்டும்.

7. அனுப்பிய பிறகு கண்காணிப்பது

15 நாளுக்கு ஒரு முறை ஒரே வரியில் கேளுங்கள்: "அந்தப் பார்ட்டி என்ன நிலைமை அண்ணே?" பதில் தேதியோடு பதிந்துகொண்டே போகும். திடீரென்று "அவர் வாங்கலை" என்று வந்தால், சந்தேகம் இருந்தால், பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் அந்தக் கிராமம், சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், தேதி என்ன, காட்டிய மதிப்பு என்ன என்று எல்லாம் வரும். இதற்காகவே, எந்த இடங்களைக் காட்டினீர்கள் என்று ஆரம்பத்திலேயே சர்வே எண்ணோ கதவு எண்ணோ கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பத்திர மதிப்பு உண்மை விலையைவிடக் குறைவாக இருக்கலாம். டீல் நடந்ததா என்ற கேள்விக்கு இந்தச் சான்று போதும்; கமிஷன் எவ்வளவு என்பதற்குப் போதாது.

8. டீல் முடியும் நேரத்தில் ஒருவர் வந்து பங்கு கேட்டால்

"அது என் பார்ட்டி" என்று அட்வான்ஸ் அன்று போன் வரும். உடனே மறுக்கவும் வேண்டாம், பார்ட்டி கலைந்துவிடுவாரோ என்ற பயத்தில் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பார்ட்டியை என்னிடம் எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? அப்போது என்ன பங்கு பேசினோம்? இந்த இடத்தை அவருக்குக் காட்டியது யார்? பிறகு பார்ட்டியிடம் நீங்களே நேராகக் கேளுங்கள், அவர் உங்களிடம் எப்படி வந்தார் என்று.

முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் எதுவும் தரத் தேவையில்லை. மரியாதையாக எழுதிச் சொல்லிவிடுங்கள். அறிமுகம் உண்மை, பங்கு மட்டும் பேசவில்லை என்றால், 10 சதவீதம் அளவில் கொடுத்து, "முழுத் தீர்வு" என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. டீலைக் கெடுத்துவிடுவேன், பார்ட்டியிடம் இல்லாததைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அந்தச் செய்திகளை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

எந்த நிலையிலும் இந்தப் பங்கை வாங்குபவர் தலையில் கூடுதலாக ஏற்றக் கூடாது. உங்களுக்குள் பிரிக்கும் பணத்துக்காக அவர் 1 சதவீதத்துக்கு மேல் கால் சதவீதம் கொடுக்க நேர்ந்தால், அவர் மீது நடந்த அநியாயம் அது.

9. தரவே மாட்டேன் என்றால்

முதலில் கணக்கோடு ஒரு செய்தி: ஒப்புக்கொண்ட தேதி, டீல் தேதி, தொகை, 15 நாள் கெடு. அடுத்தது வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முன்பே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு எழுதும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். 20,000, 30,000 தொகைகளுக்கு இதுவே ஏற்ற இடம். ரெரா முக்கியமாக வீடு வாங்குபவருக்காக அமைந்தது. தரகர்களுக்குள்ளான பாக்கியை வசூலிக்க அதை நம்பிப் போகாதீர்கள்.

பெரிய தொகை என்றால் உரிமையியல் நீதிமன்றம். குறிப்பிட்ட தொகை எழுத்து ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37இன் கீழ் சுருக்க வழக்காகப் போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். சாதாரண வழக்கைவிட விரைவு. பணம் சேர வேண்டிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் செய்திகளைச் சாட்சியமாகக் கொடுக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கான சான்று) தேவைப்படும். அதற்கு, அந்த "சம்மதம்" வந்த போன் உங்களிடமே இருக்க வேண்டும். புதுப் போன் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பாக்கி தீரும்வரை அதை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் மெயிலுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.